ஆஸ்ட்ரோவை நிறுத்திவிட்டு இலவசப் பதிவுப்பெட்டிக்கு மாறலாமா?

சகோதரி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் அம்மாவும் அப்பாவும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார்கள். ஆஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு மாதம் நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. அம்மாவுக்குத் தமிழ்ச் செய்தியும் தொடரும் படமும், அப்பாவுக்குப் பூப்பந்து. மாதக் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யக்கூடிய பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதுமா, கூரைமேல் இருக்கும் டிஷ் அதற்கு உதவுமா, பழைய டிகோடரில் அம்மா பதிந்து வைத்திருக்கும் படங்கள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம். சேமநிதிப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் தொலைக்காட்சிக்குப் போவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். இந்த வட்டாரத்தில் ஆண்டெனா கட்டும் வேலையில் இருப்பதால் பல வீடுகளை உள்ளே போய்ப் பார்க்கிறேன். கட்டணம் செலுத்தும் அலைவரிசைகளில் முக்கால்வாசியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்ப்பது நாலைந்துதான். அந்த நாலைந்து எவை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக அம்மாவிடம் கேளுங்கள்: தினமும் விடாமல் பார்க்கும் தொடர் எந்த அலைவரிசையில் வருகிறது? சன், விஜய், ஜீ தமிழ் என்று பதில் வந்தால், அவற்றை நேர்மையான வழியில் இலவசமாகத் தரும் பெட்டி எதுவும் மலேசியாவில் இல்லை. இதை மறைத்துப் பெட்டி விற்கும் கடைக்காரரை நம்பாதீர்கள். வீட்டில் இணைய வசதி இருந்தால், சன் தொடர்களுக்குச் சன் நெக்ஸ்ட் செயலிக்குத் தனியாகச் சந்தா கட்டலாம். ஒரு தொடருக்காக முழுத் தொகுப்புக்கும் பணம் கட்டுவதைவிட அது கையைக் கடிக்காது.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் "எல்லா அலைவரிசையும் வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளைத் தயாரிப்பதும் விற்பதும் 2022இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். பத்தாயிரம் ரிங்கிட் முதல் இரண்டு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெட்டிகளுக்குப் படம் அனுப்பும் கணினி ஒருநாள் முடக்கப்படும். விற்றவரை அடுத்த வாரச் சந்தையில் காண முடியாது. உங்கள் அம்மா கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடக் கெட்ட பரிசு கிடையாது.

இனி, உண்மையாகவே இலவசமாகக் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். நாட்டின் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கிக் கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டது. அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும் நின்றது. அதன் இடத்துக்கு வந்தது மைடிவி நிறுவனம் நடத்தும் மைஃபிரீவியூ என்ற தரைவழி எண்ணிம ஒளிபரப்பு. டிவி1, டிவி2, டிவி3, 8டிவி, டிவி9, டிவி ஓக்கே, அல்ஹிஜ்ரா, பெர்னாமா, சுக்கான் ஆர்டிஎம் போன்றவை அதில் வருகின்றன. வானொலி நிலையங்களும் உண்டு. தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே தெளிவாகக் கேட்கும். கட்டணமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அப்பாவின் பூப்பந்தைப் பொறுத்தவரை, பெரிய போட்டிகள் பலவற்றை அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் காட்டுகிறது. எல்லாவற்றையும் காட்டும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒளிபரப்பு உரிமை போட்டிக்குப் போட்டி மாறும்.

தமிழுக்கு மட்டும் இதில் தனி அலைவரிசை கிடையாது. டிவி2இல் தமிழ்ச் செய்தி வருகிறது, தமிழ் நிகழ்ச்சிகளும் படங்களும் வருகின்றன. பெர்னாமாவிலும் தமிழ்ச் செய்தி உண்டு. ஆனால் அவை நாள் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. செய்தி நேரத்தில் அம்மா சமையலறையில் இருப்பார். படம் போடும் நேரத்தில் கோயிலுக்குப் போயிருப்பார். இலவச ஒளிபரப்புக்கு மாறிய குடும்பங்கள் சில வாரங்களில் சலித்துப்போய் மீண்டும் சந்தா கட்டப் போவதற்கு நான் கண்டவரை இதுதான் காரணம். தமிழ் இல்லாமல் இல்லை, அவர்கள் உட்காரும் நேரத்தில்தான் இல்லை. பதிவு வசதி வேண்டும் என்று நீங்கள் கேட்டதை அதனால்தான் மிகச் சரியான கேள்வி என்கிறேன். சிதறிக் கிடக்கும் அந்தத் தமிழ் நேரத்தையெல்லாம் பெட்டி தானாகச் சேர்த்துவைத்தால், மாலையில் அம்மா அமரும்போது அவருக்கென்றே ஒரு தமிழ் அலைவரிசை காத்திருக்கும். பதிவு வசதி இல்லாத இலவசப் பெட்டியை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்ட்ரோவின் வானவில் என்ற தமிழ் அலைவரிசை இல்லாமல் முடியாது என்று அம்மா சொன்னால் வேறொரு வழி உண்டு. ஆஸ்ட்ரோவே 2012இல் தொடங்கிய என்ஜாய் என்ற மாதக் கட்டணமில்லாத சேவை அது. உங்கள் கூரையில் இருக்கும் அதே டிஷ் அதற்குப் போதும். அலைவரிசைப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால் வாங்கும் நாளில் கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஆனால் பதிவை எண்ணிக்கொண்டு அதை வாங்காதீர்கள். பதிவுக்குத் தரைவழிப் பெட்டிதான் சரி. இரண்டையும் ஒரே தொலைக்காட்சியின் இரண்டு எச்டிஎம்ஐ துளைகளில் செருகி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது டிஷ். தரைவழிப் பெட்டிக்கு அது பயன்படாது. உங்கள் டிஷ் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கும் மியாசாட் செயற்கைக்கோள்களைப் பார்க்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கணக்கிட்டால் அந்த இடம் மேற்குத் தென்மேற்கில், ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். மைஃபிரீவியூ வருவதோ மலைமேல் இருக்கும் கோபுரத்திலிருந்து, அதுவும் யூஎச்எஃப் அலையில். அதற்குத் தனி ஆண்டெனா வேண்டும்.

இந்த வேறுபாட்டில் உங்கள் பெற்றோருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. செயற்கைக்கோள் அலை ஏறக்குறைய 11, 12 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். பிற்பகலில் வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்ததும் படம் போய்விடுகிறதே, அது டிகோடரின் பழுது அன்று. தரைவழி அலை 700 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. எவ்வளவு கனத்த மழை பெய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பேராக்கில் மாலை மழைக்குக் குறைவில்லை. மழை நேரத்தில்தான் வயதானவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய டிஷ் கம்பியை வீணாக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஆர்ஜி6 வகை, 75 ஓம். தரைவழி ஆண்டெனாவுக்கும் அதே கம்பிதான். என்ஜாய் வேண்டாம் என்று முடிவானால் டிஷ் முனையிலிருந்து கழற்றி ஆண்டெனாவில் மாட்டலாம். பெட்டியின் பக்கம் திருகு முனையை எடுத்துவிட்டுச் சாதாரண ஆண்டெனா பிளக் போட வேண்டும், அவ்வளவுதான். கம்பியின் மேலுறை வெயிலில் வெடித்திருந்தால் மட்டும் புதிது இழுங்கள். உள்ளே நீர் இறங்கிய கம்பி எந்த ஆண்டெனாவையும் கெடுத்துவிடும்.

ஆண்டெனா வாங்கும்போது கூரைமேல் வைக்கும் யூஎச்எஃப் வகையைக் கேளுங்கள். பல தோட்ட வீடுகளில் இன்னும் நிற்கும் அந்தப் பழைய மீன்முள் ஆண்டெனாவில் நீண்ட கம்பிகள் இருக்கும்; அவை அனலாக் காலத்து விஎச்எஃப் அலைக்கானவை, இதற்கு உதவாது. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் சிறிய உள்ளறை ஆண்டெனா நகர நடுவில், கோபுரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யலாம். உங்கள் பெற்றோர் வீட்டுக்குத் துத்தநாகத் தகடு போட்ட கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். உலோகத் தகடு அலையை மறித்துவிடும். ஆண்டெனா தகட்டுக்கு மேலே போகத்தான் வேண்டும். பக்கத்தில் செம்பனை இருந்தால் இன்னும் கொஞ்சம் உயரம் வையுங்கள். நனைந்த மட்டைகள் அலையைக் குறைக்கும்.

ஈப்போவுக்கு மேற்கே இருக்கும் கிளேடாங் மலையை நோக்கித்தான் உங்கள் பக்கத்தில் ஆண்டெனாவைத் திருப்ப வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து அது ஏறக்குறைய நேர் தெற்கு, இம்மியளவு மேற்கே சாய்ந்து. உங்கள் தெருவில் நன்றாகப் படம் வரும் வீட்டின் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் குறுக்குக் கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, அதே போல் வையுங்கள்.

திருப்பும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏணியில், கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு. இன்னொருவர் உள்ளே, பெட்டியின் சமிக்ஞைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தப் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும்: ஒன்று வலிமை, ஒன்று தரம். உள்ளே இருப்பவர் தரத்தின் எண்ணை மட்டும் வாசிக்க வேண்டும். ஆண்டெனாவை விரல் அகலம் திருப்பி, இரண்டு மூச்சு நேரம் பொறுத்து, எண்ணைக் கேட்டு, மறுபடி விரல் அகலம். பெட்டி எண்ணைக் கணக்கிட்டுக் காட்டச் சிறிது நேரம் எடுக்கும். சடசடவென்று திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வலிமை குறைவாகவும் தரம் நிறைவாகவும் இருந்தால் படம் கண்ணாடி போல வரும். வலிமை முழுதாக இருந்து தரம் ஆடினால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அனலாக் காலத்தைப் போல மங்கலாகத் தெரியும் இடைநிலை இதில் கிடையாது. தரம் போதவில்லை என்றதும் சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் உயரத்தையும் திசையையும் பாருங்கள். பூஸ்டர்தான் வழி என்றால் அது ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பின்னால் மாட்டினால், வழியில் கெட்டுப்போன சமிக்ஞையைக் கேட்டோடு சேர்த்துப் பெரிதாக்கும்.

கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சற்றுத் தொங்கலாக வளைத்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

பெட்டிக்கு வருகிறேன். கடைக்குப் போகும் முன் பெற்றோரின் தொலைக்காட்சியின் பின்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். டிவிபி-டி2 (தரைவழி எண்ணிம ஒளிபரப்பை வாங்கும் முறை) என்று போட்டிருந்தால் மைஃபிரீவியூ பார்க்கத் தனிப் பெட்டியே தேவையில்லை. ஆண்டெனாவை நேராகச் செருகலாம். சில தொலைக்காட்சிகளில் யூஎஸ்பி வழியாகப் பதிவும் செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தவை பெரும்பாலும் அந்த ஒரு தொலைக்காட்சியில் மட்டுமே ஓடும். தொலைக்காட்சி பழுதானால் பதிவுகளும் போயின. அதனால், பதிவுதான் நோக்கம் என்றால் தனிப் பெட்டிக்கே என் வாக்கு.

பெட்டியில் மைடிவி முத்திரையும், தரச் சான்று தரும் சிரிம் அமைப்பின் ஒட்டியும் இருக்கட்டும். யூஎஸ்பி துளை இருப்பது மட்டும் போதாது. சில பெட்டிகளில் அது படம் ஓட்டிப் பார்க்க மட்டும்தான். "நேரலையைப் பதிவு செய்யுமா, நேரம் குறித்து வைத்தால் தானே பதியுமா" என்று கேட்டு, கடையிலேயே ஒரு பென் டிரைவைச் செருகிப் பதிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆனால் வீட்டில் பென் டிரைவை வைத்துக் காலம் தள்ள வேண்டாம். மலிவானவை வேகமாக எழுதாது. படம் திக்கித் திக்கி ஓடும். கையடக்க ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எச்டி ஒளிபரப்பு ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 2 முதல் 3 ஜிகாபைட் எடுக்கும். 500 ஜிகாபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 150 முதல் 250 மணி நேரம் அடங்கும். அம்மாவுக்கு அது தாராளம். சில பெட்டிகளின் யூஎஸ்பி துளை ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றப் போதிய மின்சாரம் தராது. டிஸ்க் டிக் டிக் என்று ஒலித்துவிட்டு நின்றால் அதுதான் காரணம். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று நடுவில் வைத்தால் சரியாகும். டிஸ்க்கைப் பெட்டியிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் நீளமான படம் இரண்டு மூன்று துண்டுகளாகக் கிடக்கலாம், பதற வேண்டாம்.

மலிவான பெட்டிகளில் அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றுதான். ஒரு அலைவரிசை பதிவாகும்போது, அதே அதிர்வெண்ணில் வரும் வேறு அலைவரிசைகளை மட்டும் பார்க்க முடியும். அப்பாவின் பூப்பந்தும் அம்மாவின் படமும் ஒரே நேரத்தில் வந்தால் முட்டிக்கொள்ளுமா என்று முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். நேரம் குறிக்கும்போது தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் பத்து நிமிடமும் கூட்டி வையுங்கள். முன்னால் வரும் நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போனால் படத்தின் கடைசிக் காட்சி அறுந்துவிடும். செய்திக்குத் "தினமும்" என்று ஒருமுறை குறித்துவிட்டால் பிறகு கை வைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இரவில் ரிமோட்டால் அணைத்தால் பெட்டி உறங்கும். குறித்த நேரத்தில் விழித்துப் பதியும். சுவர் சுவிட்சை அணைத்தால் பதியாது. நம் வீடுகளில் படுக்கப் போகும் முன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது பழக்கம், நல்ல பழக்கம்தான். அந்த ஒரு சுவிட்சின்மேல் மட்டும் "அணைக்க வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். இடி வரும் போலிருந்தால் அது மாறும்: இடி தொடங்கும் முன்பே மின் பிளக்கையும் ஆண்டெனா பிளக்கையும் இரண்டையும் பிடுங்கிவிட வேண்டும். அன்றைய பதிவு போனால் போகட்டும். நம் நாட்டில் மின்னல் அதிகம். கூரைமேல் நிற்கும் உலோகக் கம்பி வழியாக அது வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது.

பெட்டியின் மெனு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்த அம்மாவுக்கு அது தடையாகலாம். பதிவுப் பட்டியலைத் திறக்கும் பொத்தான், மேல், கீழ், ஓகே, திரும்பு என்று ஐந்து பொத்தான்கள் போதும். அவற்றுக்குப் பக்கத்தில் சிறிய ஒட்டிகளை ஒட்டி, நீங்கள் பக்கத்தில் இருந்தபடி அவரையே அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்திக் காட்டினால் மறந்துவிடும்.

பழைய டிகோடரில் பதிந்த படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றைக் காப்பாற்ற முடியாது என்பதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. டிகோடருக்கும் அதன் அட்டைக்கும் கட்டுப்பட்டவை. சந்தா நின்றதும் திறக்காது. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போட்டாலும் படிக்காது. டிகோடரைத் திறக்க முயலவும் வேண்டாம். அது நிறுவனத்தின் சொத்தாக இருந்தால் திருப்பிக் கேட்பார்கள். அம்மா ஆசையாக வைத்திருக்கும் படங்களைச் சந்தா முடியும் முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அதனால் சந்தாவை நிறுத்துவதைக் கடைசி வேலையாக வையுங்கள். முதலில் ஆண்டெனாவைக் கட்டி, பெட்டியை வைத்து, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க ஒரு மாதம் ஓடட்டும். அந்த மாதத்தில் அம்மா எந்த ரிமோட்டை எடுக்கிறார் என்று பாருங்கள். பிறகு ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, இடையில் நிறுத்தினால் தண்டத்தொகை உண்டா என்று கேட்டு, நிறுத்தும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொலைக்காட்சியின் மாடல் எண்ணையும், வீட்டின் தெற்குப் பக்கத்தில் குன்றோ உயரமான கட்டடமோ மறைக்கிறதா என்பதையும் எழுதுங்கள். எவ்வளவு உயரக் குழாய் வேண்டும், தனிப் பெட்டி தேவையா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.